ஞாயித்துக்கிழமை கேட்டத திங்கக்கிழமை செய்யது எப்படி: நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரெண்டு வருசம் முன்னாடி எங்க சபை ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துல ஒரு மட்டி வாழைக் குலைய 4,200 ரூபாய்க்கு எடுத்தேன். ஏலம்னா தெரியும்லா, எதுத்தாப்புல நிக்கவரு நூறு ஏத்துனா நாமளும் நூறு ஏத்துவோம், மைக்ல பேரு சொல்லுவாங்க, எல்லாரும் கைதட்டுவாங்க, அந்த நேரத்துல குலைக்கு சந்தையில என்ன விலைன்னு எவனும் யோசிக்க மாட்டான். குலையத் தோள்ல வச்சுட்டுத் திரும்புனா, வாசப்படி பக்கத்துல எங்க விளையில ரப்பர் வெட்டுற அண்ணன் நிக்காரு. அவருக்கு 11 வெட்டுக் கூலி பாக்கி. 180 மரம், மரத்துக்கு ரெண்டு ரூபா, மொத்தம் 3,960. ரப்பர் ஷீட்டு விலை எறங்கிக் கெடக்கு, வித்ததும் தாறேன்னு மூணு வாரமா சொல்லிட்டு இருந்தேன். அவரு ஒண்ணும் கேக்கல. "நல்ல குலையாக்கும்"னு மட்டும் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து குலையக் கட்டித் தூக்கும்போது எனக்க பொண்டாட்டி கேட்டா, "கர்த்தருக்குக் குலை எடுத்தாச்சு, அவருக்க கூலியக் குடுத்தாச்சா?"

அந்தக் குலை பழுத்து முடியறவரைக்கும் எனக்கு ஒரு பழம் எறங்கல. இந்த வழிகாட்டி அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. நான் போதகரும் இல்ல, உபதேசியாரும் இல்ல, சாதாரண சபை மெம்பர், இத எழுதறதுக்கு எனக்கு இருக்க ஒரே தகுதி இதுல ஒவ்வொண்ணுலயும் நான் ஒருக்கா வழுக்கி விழுந்திருக்கேங்கறதுதான்.

ஆரம்பிக்கதுக்கு முன்னாடி ஒரு கேள்விய முடிச்சுடுவோம், ஏன்னா இத நான் எங்க பேசுனாலும் ஒருத்தர் எந்திரிச்சுக் கேப்பாரு, "பிரதர், அப்போ கிரியையினால இரட்சிப்பா?" இல்ல. எபேசியர் 2:8, 9ல கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்னு தெளிவா இருக்கு. ஆனா நாம 9ம் வசனத்தோட பைபிள மூடிருவோம், 10ம் வசனம் நற்கிரியைகளைச் செய்யறதுக்குத்தான் நம்மள உண்டாக்கியிருக்காருன்னு சொல்லுது. சக்க மரத்துல சக்க காய்க்குது, அது சக்க மரமா ஆகணும்னு கஷ்டப்பட்டுக் காய்க்கல. ஆனா பத்து வருசமா ஒரு சக்க கூட காய்க்கலன்னா நம்ம ஊர்ல என்ன செய்வாங்க, மரக்கடைக்காரனக் கூப்பிடுவாங்க. அவ்வளவுதான் விஷயம்.

முதல் படி: கேட்டதுல ஒண்ண மட்டும் எடுங்க

ஒரு ஞாயிறு ஆராதனையில பழைய ஏற்பாட்டுப் பாடம், நிருபம், சுவிசேஷம், பிரசங்கம், எவ்வளவு கேக்கோம். அத்தனையையும் செய்யணும்னு நெனச்சா ஒண்ணும் நடக்காது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கதுக்கு முன்னாடி ஒரு துண்டுப் பேப்பர்ல ஒரு வரி எழுதுங்க. அந்த வரியில மூணு காரியம் இருக்கணும்: ஒரு ஆளுக்க பேரு, ஒரு கிழமை, கையால செய்யற ஒரு வேலை. "எல்லார்ட்டயும் அன்பா இருக்கணும்"னு எழுதுனா அது வேலை இல்ல, ஆசை. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேலவிளைப் பாட்டிக்கு கரண்டு பில்லு கட்டணும்", இது வேலை. கட்டுனமா இல்லையான்னு புதன்கிழமை தெரிஞ்சிரும், ஏமாத்த முடியாது.

மத்தேயு 21ல ரெண்டு மகன் கதை இருக்கு. அப்பா திராட்சத்தோட்டத்துக்குப் போன்னு சொன்னாரு, ஒருத்தன் போமாட்டேன்னுட்டு அப்புறம் மனசு மாறிப் போனான், ஒருத்தன் போறேன் ஐயான்னுட்டுப் போகல. நம்ம பாட்டுப் புஸ்தகத்துல பாதிப் பாட்டு "போறேன் ஐயா" பாட்டுதான்னு எனக்கு சில நேரம் தோணும். கோவிச்சுக்காதீங்க, நானும் பாடகர் குழுவுலதான் இருக்கேன்.

ரெண்டாவது படி: குடுக்க வேண்டியத முதல்ல குடுங்க

இதுல நான் கொஞ்சம் அதிக நேரம் நிப்பேன், ஏன்னா எல்லாரும் தாண்டிப் போற படி இதுதான். நாம உதவின்னு சொன்ன உடனே அனாதை இல்லம், மிஷனரி ஊழியம், வடநாட்டுல சபை கட்டறதுன்னு யோசிப்போம். நல்லதுதான். ஆனா அதுக்கு முன்னாடி நம்ம கையில அடுத்தவனுக்க பொருள் ஏதாவது இருக்கான்னு பாக்கணும். அடுத்தவனுக்க பொருள வச்சிட்டு தர்மம் செஞ்சா அது யாருக்க தர்மம்?

ஒரு அரை மணி நேரம் உக்காந்து இதப் பாருங்க.

கூலி. லேவியராகமம் 19:13ல கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாதுன்னு இருக்கு. விடியற்காலம் வரைக்கும்னா ஒரு ராத்திரி கூட இல்ல. ரப்பர் வெட்டுறவங்க, தேங்கா போடுறவங்க, வீட்டு வேலைக்கு வாற அக்கா, கொத்தனாருக்குக் கையாள், இவங்க யாருக்காவது "அப்புறம் தாறேன்" நிக்குதா? யாக்கோபு 5:4ல பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுதுன்னு எழுதியிருக்கு, அறுத்தவங்க கூக்குரல் மட்டுமில்ல, கூலியே கத்துது. எங்க அண்ணன் கத்தவே இல்லையே.

அதிரு, அதாவது நிலத்துக்க எல்லை. நம்ம மாவட்டத்துல இதச் சொல்லாம இருக்க முடியாது. பத்து சென்ட், எட்டு சென்ட்னு பங்கு வச்சு வச்சு வந்த ஊரு, அரை அடி நகந்த மதிலு இல்லாத தெரு உண்டா? ஒவ்வொரு தடவ வேலி கெட்டும்போதும் நாலு விரல் தள்ளிக் கெட்டுவாங்க, முப்பது வருசத்துல அது ஒரு மரம் நிக்கிற இடமாயிரும். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்னு உபாகமம் 27:17ல இருக்கு, ஜனங்கள் எல்லாரும் ஆமென்னு சொல்லணுமாம். நம்ம சபையில இந்த வசனத்த வாசிச்சா ஆமென் எவ்வளவு சத்தமா வரும்னு தெரியல. நடவழியக் கல்லு போட்டு அடச்சதும் இதே கணக்குதான்.

சீதனம். மகளக் கெட்டிக் குடுக்கும்போது அழுவோம், மகனுக்குப் பேசும்போது "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க மகளுக்கு நீங்க செய்யதச் செய்யுங்க"ன்னு சிரிச்சிட்டே பவுன் கணக்கக் கேப்போம், அந்த வாயாலயே ஜெபமும் பண்ணி முடிப்போம். வாங்குனதத் திருப்பிக் குடுங்கன்னு சொல்ல எனக்கே தைரியம் இல்ல. ஆனா இனி கெட்டப்போற மகனுக்குக் கேக்காம இருக்கலாம், கேக்காததுன்னா கண்ணாலயும் கேக்காம இருக்கது.

சகேயு கதைய சண்டே ஸ்கூல்ல காட்டத்தி மரத்தோட நிறுத்திருவோம். அவன் மரத்துல இருந்து எறங்குன பிறகு என்ன செஞ்சான்? ஒருவனிடத்தில் அநியாயமா வாங்குனது உண்டானா நாலத்தனையாத் திருப்பித் தாறேன்னான். இயேசு அதக் கேட்ட பிறகுதான் இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததுன்னாரு.

திருப்பிக் குடுக்கும்போது கதை சொல்லாதீங்க. ஷீட்டு விலை, ஆஸ்பத்திரிச் செலவு, ஒண்ணும் வேண்டாம். நான் மறுநாள் காலையில அண்ணன் வெட்டிட்டு இருக்கும்போதே போனேன், தலையில லைட்டு எரிஞ்சிட்டு இருந்துச்சு, 3,960ஐயும் கையில குடுத்துட்டு "தப்பு எனக்கத்தான் அண்ணே"ன்னு சொன்னேன். அவரு துட்ட எண்ணாம மடியில சொருகிட்டு அடுத்த மரத்துக்குப் போயிட்டாரு. பெரிய கட்டிப்பிடிப்பு எல்லாம் எதிர்பாக்காதீங்க. அவரு வாங்குனது அவருக்க துட்டு, அதுக்கு ஏன் நன்றி சொல்லணும்?

மூணாவது படி: வீட்டுக்குள்ள

சுருக்கமா சொல்லுதேன். சபையில எல்லாருக்கும் தெரிஞ்ச சிரிப்பு வீட்டுல மாமியாருக்கு, பொண்டாட்டிக்கு, படுக்கையில கெடக்க அப்பாவுக்குக் கெடைக்குதா? கல்ஃப்ல இருக்க பிள்ளைங்க மாசாமாசம் துட்டு அனுப்புறாங்க, அது நல்லது, ஆனா அம்மாவுக்குத் தினமும் ஒரே நேரத்துல ஒரு போனு, சும்மா "என்ன கறி வச்சீங்க"ன்னு கேக்கதுக்கு, அது துட்ட விடப் பெருசு. பக்கத்துல இருக்கவங்க அவங்க சொன்ன கதையையே திரும்பச் சொல்லும்போது முதல் தடவ கேக்கது மாதிரி கேளுங்க. இது லேசுன்னு நெனைக்கவங்க ஒரு வாரம் செஞ்சு பாத்துட்டுச் சொல்லுங்க.

நாலாவது படி: பத்து வீட்டுப் படம்

ஒரு பேப்பர்ல உங்க வீட்ட நடுவுல போட்டு சுத்தி இருக்க பத்து வீட்ட வரைங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் யாரு யாரு இருக்கா, யாருக்கு சுகமில்ல, யாரு தனியா இருக்கா, யாருக்கு வேலை இல்லன்னு எழுதுங்க. நான் வரஞ்சப்ப நாலு வீட்டுல எனக்கு எழுத ஒண்ணும் தெரியல, அதுல ரெண்டு வீடு இந்து வீடு, ஒண்ணு பெந்தெகொஸ்தே, ஒண்ணு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீடு. பதினெட்டு வருசமா ஒரே தண்ணிப் பைப்புல தண்ணி பிடிக்கோம்.

நல்ல சமாரியன் கதைய இயேசு யாருக்குச் சொன்னாரு? எனக்குப் பிறன் யாருன்னு கேட்ட நியாயசாஸ்திரிக்கு. ஆசாரியன், லேவியன் எல்லாம் வழியாப் போயிட்டாங்க, ஆகாதவன்னு ஒதுக்கி வச்ச சமாரியன் நின்னான். அதனால உங்க பத்து வீட்டுல நம்ம சபைக்காரங்களுக்கு மட்டும் வட்டம் போட்டா அது வேற கதை. 1982ல மண்டைக்காட்டுல நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் ஞாபகம் இருக்கவங்க இன்னும் நம்ம கூட இருக்காங்க, அந்த நேரத்துல சமாதானம் பேச ஊர் ஊரா வந்து நின்னவங்கள்ல இந்து மடத்துத் தலைவரான குன்றக்குடி அடிகளார் ஒருத்தரு. அடுத்த வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாம இருக்கதுதான் வதந்திக்கு நல்ல வளம்.

கண்ணால பாக்கது எவ்வளவு பெரிய காரியம்னு தெரியணும்னா நெய்யூர் ஆஸ்பத்திரிய நெனச்சுக்கோங்க. சோமர்வெல் டாக்டரு 1922ல எவரெஸ்ட் ஏற வந்தவரு. மலை வேலை முடிஞ்சு இந்தியாவச் சுத்திப் பாக்க வந்த எடத்துல நெய்யூருக்கு வந்தாரு, அங்க கூட்டம் கூட்டமா நோயாளிங்க, பாக்கதுக்கு டாக்டர் போதாது. லண்டன்ல நல்ல எதிர்காலம் இருந்த சர்ஜன், அத விட்டுட்டு நெய்யூருக்கே வந்துட்டாரு. 1924ல மறுபடியும் எவரெஸ்ட்டுக்குப் போயி ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம 28,000 அடி பக்கத்துல வரைக்கும் ஏறுனாரு, அப்புறமும் திரும்பி நெய்யூருக்குத்தான் வந்தாரு. நம்ம தாத்தா பாட்டிக்கு ஆபரேசன் செஞ்ச கை அது. அவரு பிளான் போட்டு வரல, பாத்தாரு, பாத்தத மறக்கல.

அஞ்சாவது படி: சாப்பாட்டு மேஜை

உங்க வீட்டுல உங்க தட்டுல உங்க மேஜையில உக்காந்து சாப்பிட்டவங்க யாரு யாருன்னு போன ஒரு வருசத்த நெனச்சுப் பாருங்க. எல்லாரும் நம்ம ஆளுங்களா? "நம்ம ஆளுங்க"ன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

நட்டாலத்துல பிறந்த தேவசகாயம் பிள்ளை 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்குனாரு, அரண்மனை உத்தியோகம், உயர்ந்த சாதி, எல்லாம் இருந்துச்சு, அத்தனையையும் தள்ளிட்டு எல்லாச் சாதிக்காரங்க கூடயும் சரிசமமாப் பழகுனாரு. கட்டி வச்சு அடிச்சு, ஊர் ஊராக் கொண்டு போயி, 1752 ஜனவரி 14ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. 2022 மே 15ல புனிதர் பட்டம் குடுத்தப்ப மாவட்டமே கொண்டாடுச்சு. ஆனா அவரு ஞானஸ்நானம் வாங்குன அதே வடக்கன்குளத்துல பின்னாடி கோயிலுக்குள்ளயே சாதிக்கு ஒரு பக்கம்னு சுவரு வச்சிருந்தாங்க. அது அந்தக் காலம்னு சொல்லாதீங்க, நம்ம கல்யாண விளம்பரத்த வாசிங்க.

நம்ம முன்னோர் பொம்பளைங்க மேல் சீலை போடுறதுக்கே எத்தன வருசம் அடி வாங்குனாங்க, 1859ல தான் திருவிதாங்கூர் ராஜா அனுமதி குடுத்தாரு. அந்தப் போராட்டத்துல வந்த நாமளே இன்னொருத்தனத் திண்ணையில உக்கார வச்சுப் பேப்பர் கப்புல சாயா குடுத்தா எப்படி இருக்கும்? செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு: இந்த மாசத்துல ஒரு நாள், இதுவரைக்கும் உங்க வீட்டு உள்முறியில உக்காராத ஒருத்தரக் குடும்பத்தோட சாப்பிடக் கூப்பிடுங்க. மரச்சீனியும் மீன் கறியும் போதும். அவங்க கூப்பிட்டா நீங்களும் போங்க, போயி வயிறு சரியில்லன்னு சொல்லாம சாப்பிடுங்க.

ஆறாவது படி: போயி நிக்கது

நம்மாளுங்க "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. கஷ்டத்துல இருக்கவங்க சொல்ல மாட்டாங்க. நீங்களே ஒரு வேலையச் சொல்லிட்டுப் போங்க.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுல ஒருத்தர் கெடந்தா, நோயாளிய விடக் கூட நிக்க ஆளுக்குத்தான் பாடு. ராத்திரி பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும் "நான் நிக்கேன், நீங்க வீட்டுல போயிப் படுங்க"ன்னு சொல்லுங்க, ஆப்பிள் ஒரு கிலோ வாங்கிட்டுப் போறத விட இது பத்து மடங்கு. போகும்போது ஒரு பாயி, பிளாஸ்க்கு, போன் சார்ஜரு, சில்லறை துட்டு. கட்டிலு பக்கத்துல நின்னு நீளமா ஜெபம் பண்ணாதீங்க, பக்கத்துக் கட்டில்காரனுக்கும் தூங்கணும். ரத்தம் குடுக்க முடிஞ்சா முதல்ல போயி குரூப்ப சொல்லி வைங்க.

மரண வீட்டுல அடக்கம் முடியுறவரைக்கும் ஊரே நிக்கும். முக்கியமான நாளு அதுக்கு அப்புறம் வரும், பந்தலப் பிரிச்சு, வாடகை நாற்காலி போயி, சொந்தக்காரங்க வண்டி ஏறுன பிறகு வாற முதல் திங்கக்கிழமை. அன்னைக்குப் புட்டும் பயறும் கொண்டு போயிக் குடுத்துட்டு பாத்திரத்தக் கழுவி வச்சுட்டு வாங்க.

ஒக்கிப் புயல் நேரத்துல, 2017 நவம்பர் கடைசியில, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் எவ்வளவு வண்டி போச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். அரிசி, போர்வை, துணி, குவிஞ்சு கெடந்துச்சு. கொஞ்ச நாள்ல வண்டி நின்னு போச்சு. ஆனா கடல்ல போனவருக்க உடம்பு கெடைக்காத வீட்டுல பேப்பர் வேலை அப்பதான் ஆரம்பிச்சுது, இறந்துட்டாருன்னு நிரூபிக்க முடியாது, இருக்காருன்னும் சொல்ல முடியாது, ஆபீஸ் ஆபீஸா ஏறணும். அந்த நேரத்துல ஒரு பெண்ணுக்குக் கூடப் போயி மனு எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, வரிசையில நிக்க ஒரு ஆளுதான் வேணும். எழுதப் படிக்கத் தெரிஞ்ச நமக்கு இது லேசு, ரேஷன் கார்டு, முதியோர் பென்சன், ஆதார் திருத்தம், எதுன்னாலும்.

போட்டோ எடுக்காதீங்க. வலது கை செய்யது இடது கைக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாரு, வாட்ஸ்அப் குரூப்புக்குத் தெரியணுமா?

ஏழாவது படி: பிடியரிசி டப்பா

நம்ம பாட்டிமாரு செஞ்சது. உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஒரு பிடிய எடுத்துத் தனி டப்பாவுல போடுவாங்க, அத சபையில இருந்து வந்து சேத்துட்டுப் போவாங்க, அந்த அரிசியில எத்தனையோ ஊழியம் நடந்திருக்கு. பல வீட்டுல இப்ப அந்த டப்பாவுல துணி கிளிப்பு கெடக்கு. எங்க வீட்டுல திரும்ப ஆரம்பிச்சோம். தராசுல வச்சுப் பாத்தேன், எனக்க பொண்டாட்டிக்க ஒரு பிடி 45 கிராம். ரெண்டு நேரம் பொங்குனா மாசத்துக்கு 2 கிலோ 700 கிராம். வருசத்துக்கு 32 கிலோவுக்கு மேல வருது, நாங்க ஒரு நாளும் பட்டினி கெடக்கல. டப்பா நெறஞ்சா சபைக்குப் பாதி, பத்து வீட்டுப் படத்துல வட்டம் போட்ட வீட்டுக்குப் பாதி.

துட்டு கூடுதலா உள்ளவங்க இதோட நிறுத்தக்கூடாது. அது தனிக் கணக்கு, எனக்கு அதுல அனுபவம் கம்மி.

எட்டாவது படி: பேசாம இருக்கவங்க

மத்தேயு 5:23, 24. காணிக்கையோட வந்து நிக்கும்போது உன் பேர்ல ஒருத்தனுக்குக் குறை உண்டுன்னு ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கேயே வச்சிட்டுப் போன்னு இருக்கு. கவனிங்க, உனக்கு அவன் மேல குறை இருந்தான்னு சொல்லல, அவனுக்கு உன் மேல. நாம எப்பவும் தலைகீழா வாசிப்போம்.

எப்படிப் போறது? தனியாப் போங்க, சமாதானம் பேசுற மாமாவெல்லாம் அப்புறம். சாப்பாட்டு நேரத்துல, குடிச்சிருக்க நேரத்துல போகாதீங்க. செஞ்ச தப்ப ஒரே வரியில சொல்லுங்க. "நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா"ன்னு ஆரம்பிச்சா அது மன்னிப்பு இல்ல, வக்கீல் பேச்சு. "ஆனா நீயும் அன்னைக்கு"ன்னு வாயில வரும், நாக்கக் கடிச்சுக்கோங்க. அவங்க வாசக் கதவச் சாத்துனா சாத்தட்டும், ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவ.

அடி உதை வாங்குற பொண்ணுங்க கிட்ட இந்த வசனத்தக் காட்டி "நீ போயி சமாதானமாகு"ன்னு அனுப்புறது நம்ம பக்கம் நடக்குது. அது இந்தப் படியில வராது. அவங்களுக்கு முதல்ல பத்திரமான ஒரு எடம், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

ஒம்பதாவது படி: எங்க நிறுத்தணும்

குடிக்கிறவருக்குத் துட்டாக் குடுக்காதீங்க, அரிசி, மருந்து, பிள்ளைக்க பீஸ், நேரா அங்க கட்டுங்க. அடுத்தவன் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போடுறத நீதிமொழிகள்ல திரும்பத் திரும்ப வேண்டாம்னு சொல்லுது, தாங்க முடியற துட்டுன்னா அதத் தானமாவே குடுத்துட்டு மறந்துருங்க, கையெழுத்து வேண்டாம். நீங்க ஒருத்தரே எல்லா வீட்டுக்கும் ஓடி ஒரு நாள் எரிச்சல்ல விழுந்தா உங்க வீட்டுக்குள்ள இருக்கவங்கதான் வாங்கிக் கட்டுவாங்க. வாரத்துக்கு ஒண்ணு போதும்னு முதல் படியில சொன்னது அதுக்குத்தான்.

பத்தாவது படி: கேக்க ஒரு ஆளு

தனியா செஞ்சா மூணாவது வாரம் விட்டுருவோம். நாங்க மூணு பேரு சனிக்கிழமை சாயங்காலம் ஜங்சன் சாயாக் கடையில கூடுறோம், ஒருத்தரு ஆர்.சி., அவங்க அன்பியத்துல (அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க சேந்த ஜெபக் குழு) இருந்து வாறாரு. பாட்டு கெடையாது, பிரசங்கம் கெடையாது. பேப்பர எடுத்து வச்சு "மக்கா, செஞ்சியா?"ன்னு கேக்கது மட்டும். செய்யலன்னா அன்னைக்கு சாயாத் துட்டு அவருக்க கணக்கு. நான் நெறய சாயா வாங்கிக் குடுத்திருக்கேன்.

இந்த வாரம் எனக்க பேப்பர்ல இருக்கது வடக்கு மூலைக் கல்லு. எங்க அப்பா காலத்துல நகந்தது, அடுத்த விளை பெரியப்பா மகன் அண்ணாச்சியோடது, அரை அடிக்கு மேல இருக்கும், அதுல இப்ப எங்க தேக்கு ஒண்ணு நிக்குது. சர்வேயரு வியாழக்கிழமை வாறாரு. அண்ணாச்சிக்கு நேத்து ரெண்டு தடவ போன் போட்டேன், எடுக்கல. ஏழு வருசமாப் பேச்சு இல்லல்லா, எடுக்க மாட்டாரு. நாளைக்குக் காலையில அவரு பால் ஊத்த சொசைட்டிக்கு வருவாரு, அங்க போயி நிக்கணும்.